வீட்டு அறையில் லைவ் வாத்தியம் ரெக்கார்டிங்: அறை, மைக், ஃபைல், பேப்பர் – என்னென்ன பார்க்கணும்?

மெட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். விருகம்பாக்கத்தில் அபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. வேலைக்கு ஒதுக்கிய அறை 10 அடிக்கு 12 அடி, உயரமும் 10 அடி. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் இரும்பு பீரோ. இப்போ இருக்கிறது: லேப்டாப், ரீப்பர் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்), ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற பெட்டி), ஆடியோ டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் மைக் ஒண்ணு, ஷூர் எஸ்எம்57 டைனமிக் மைக் ஒண்ணு. இதுவரை ஷார்ட் ஃபிலிம் பிஜிஎம், விளம்பர ஜிங்கிள் எல்லாம் முழுக்க ப்ரோகிராமிங்தான்.

இப்போ ஆறு பாட்டு பக்தி ஆல்பம் ஒண்ணு வந்திருக்கு. மொத்தம் 1,20,000 ரூபாய், எல்லாச் செலவும் இதுக்குள்ளே. தயாரிப்பாளர் சாம்பிள் வீணை வேண்டாம், லைவ் வேணும்னு சொல்றார். வீணை, வயலின், மிருதங்கம், ஒரு பாடகி, ஒரு பாடகர். புல்லாங்குழல் கலைஞர் கோவையில் இருக்கார், அங்கேயே வாசிச்சு அனுப்புவார்.

கேள்விகள்:
1. இந்த அறையில் மிருதங்கமும் வீணையும் எடுக்க முடியுமா, இல்ல அதுக்கு மட்டும் ஸ்டூடியோ போகணுமா?
2. சுவருக்கு ஃபோம் ஒட்டினா போதுமா?
3. கோவைக்கு என்ன ஃபைல் அனுப்பணும்?
4. எழுத்தில் என்ன வாங்கிக்கணும்? இதுவரை எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான்.

---

ராக்வுல் ரங்கா:

2ஆவது கேள்விக்கு முதலில். ஃபோம் போதாது. முட்டை அட்டை மாதிரி இருக்கிற ஒரு அங்குல ஃபோம் கைதட்டினா வர்ற டிங் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கீழ் சத்தம் அப்படியே இருக்கும். முழுக்க ஃபோம் ஒட்டின அறையில் குரல் மந்தமாவும் வரும், அதே நேரம் குடத்துக்குள்ளே பேசின மாதிரியும் வரும். மேல் பகுதியை உறிஞ்சிட்டு கீழ்ப் பகுதியை விட்டுட்டதால் வர்ற வினை. இன்னொண்ணு, ஃபோமோ ராக்வுலோ (பாறை இழைப் பலகை) வெளியே இருந்து வர்ற ஆட்டோ ஹார்னைத் தடுக்காது. அதுக்கு கனம் வேணும், சந்து அடைபடணும். அபார்ட்மெண்டில் செய்யக்கூடியது ஜன்னல் ஓரத்துக்கும் கதவு அடிக்கும் ரப்பர் பட்டை. அதுக்கு மேல் செலவு பண்ணாதீங்க, நேரம் பார்த்து ரெக்கார்ட் பண்ணுங்க.

உங்க அறையில் ஒரு குறிப்பான சிக்கல் இருக்கு. அகலமும் 10, உயரமும் 10. எதிரெதிர் பரப்புகளுக்கு நடுவே ஒலி நின்னு அதிரும் அலைவெண்ணைக் கணக்குப் போடலாம்: ஒலி வேகம் 343 மீட்டரை, தூரத்தின் இரு மடங்கால் வகுக்கணும். 10 அடி 3.05 மீட்டர், ஆக 56 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 112. அகலத்திலும் உயரத்திலும் ஒரே எண் வர்றதால் இரண்டும் சேர்ந்து வீங்கும். 12 அடிப் பக்கம் 47 ஹெர்ட்ஸ், அது தனி.

112தான் உங்களுக்குத் தொல்லை. ஒரு கட்டையில் (கீபோர்டில் சி சுருதி) பாடுற ஆண் குரலின் ஆதார சட்ஜம் 130, மந்திர பஞ்சமம் 98. நடுவில் உட்கார்ந்திருக்கு. பாடகர் நின்னு பாடினா வாய் தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி, அதாவது உயரத்தில் சரிபாதி. சரிபாதியில்தான் 112 உச்சத்தில் இருக்கும். அறைக்கு நட்ட நடுவில் நிறுத்தினா அகலத்திலும் அதே கதை. சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினா வாய் இரண்டரை அடி, அது கால்பங்கு. அங்கே 112 கிட்டத்தட்ட காணாமல் போகும். கச்சேரி வழக்கப்படி உட்கார்த்தி வைச்சாலே பாதி வேலை முடிஞ்சது. நின்னுதான் பாடுவேன்னா சுவரிலிருந்து மூணு மூணரை அடி தள்ளி, நடுவை விட்டு விலக்கி நிறுத்துங்க.

இனி பேனல். கன மீட்டருக்கு 48 இல்லைன்னா 64 கிலோ அடர்த்தி ராக்வுல், 50 மி.மீ. கனம், 4க்கு 2 அடிப் பலகை. ஆறு போதும். இரண்டு அங்குல மர ரீப்பர் கட்டையில் சட்டம் அடிச்சு, காடாத் துணி சுத்தி, சுவரிலிருந்து 50 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டணும். ஒட்டி மாட்டினா காசில் பாதி வீண். அந்தக் காற்று இடைவெளிதான் பேனலை இன்னும் கீழே இறங்கி உறிஞ்ச வைக்குது. துணி சரியான்னு வாயை வைச்சு ஊதிப் பாருங்க, காத்து தாராளமாப் போகணும். ரெக்சின், பிளாஸ்டிக் கலந்த திரைத்துணி ஆகாது. வெட்டும்போது மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

மாட்டும் இடம்: மானிட்டர் ஸ்பீக்கருக்கு இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொண்ணு, தலைக்கு மேல் ஒண்ணு, மீதி மூணில் இரண்டு பாடுறவர் முதுகுக்குப் பின்னாடி. பலரும் மைக்குக்குப் பின்னாடி மாட்டுவாங்க. கார்டியாய்டு மைக் பின்பக்கம் கேட்காது, பாடுறவரையும் அவருக்குப் பின்னாடி இருக்கிற சுவரையும்தான் கேட்கும். அந்தச் சுவரைத்தான் மூடணும்.

பட்ஜெட் இடிக்குதுன்னா இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் 'வி' மாதிரி நிறுத்தி, அதுக்கு முன்னாடி பாட வைங்க. பார்க்க நல்லா இருக்காது, கேட்க நல்லா இருக்கும்.

பீரோவை வெளியே தள்ளுங்க. முடியலைன்னா உள்ளே துணி அடைச்சு, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மடிச்ச துணி சொருகுங்க. ஸ்பீக்கரில் 40இலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு சைன் டோனை ஓடவிட்டு அறையைச் சுத்தி நடங்க. ஜன்னல் கொக்கி, கொசுவலை பிரேம், டியூப்லைட் பட்டை, எது எது கூட ஆடுதுன்னு தெரிஞ்சிடும். மிருதங்கக்காரர் வர்றதுக்கு முன்னாடி இதை முடிச்சு வைங்க.

---

கரண்ட் கட்:

ரங்கா சொன்னதில் சத்தத்தைப் பத்தி விட்டுப்போனது மட்டும்.

ஃபேனை டேக் நேரத்தில் நிறுத்தியே ஆகணும். இரைச்சல் நீக்கும் பிளக்இன் ஒரே மாதிரி ஓடுற ஏசி இரைச்சலை ஓரளவு எடுக்கும். சுழலுற இறக்கை குரலையே வெட்டி வெட்டிப் பிரதிபலிக்கிறதால் ஃபேன் சத்தம் குரலோடு பின்னிப் போகும், பிரிக்க முடியாது. அரை மணி முன்னாடி ஏசியை 22இல் வைச்சு அறையைக் குளிர்விச்சு, டேக்குக்கு நிறுத்தி, மூணு நாலு டேக்குக்கு ஒரு தடவை திரும்பப் போடுங்க.

வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா இருந்தா கரண்ட் போன நேரத்தில் ரெக்கார்ட் பண்ணாதீங்க, ஹம் உள்ளே ஏறிடும். ப்யூர் சைன் வேவ்தான் வேணும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் இரண்டும் வீணை பிக்அப்பிலும் கிட்டாரிலும் கீச்சுன்னு கேட்கும். அந்த சர்க்யூட்டை அணைச்சுப் பாருங்க. லேப்டாப் சார்ஜர் இரண்டு முள்ளாக இருந்து சத்தம் வந்தா, சார்ஜரைக் கழட்டி பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்க. நின்னுபோச்சுன்னா காரணம் அதுதான்.

சென்னைக்கு முக்கியமானது ஈரம். கண்டென்சர் மைக்கை ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தா டயஃப்ரத்தில் நீர் படியும், பொரியிற மாதிரி சத்தம் வரும். வேலை முடிஞ்சதும் மூடி இறுகுற டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைங்க. ஜெல் நிறம் மாறினதும் சூடாக்கிக் காய வைச்சுத் திரும்பப் போடலாம்.

---

தனியாவர்த்தனம்:

1ஆவது கேள்வி. எடுக்கலாம். ஆனா மூணு பேரையும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் எடுக்காதீங்க. மிருதங்கம் வீணை மைக்கில் விழுந்தா அப்புறம் வீணையில் ஒரு இடம் திருத்த முடியாது. ஒவ்வொருத்தரா எடுங்க, மிருதங்கத்தைக் கடைசியில் வைக்காதீங்க. வழிகாட்டிக் குரலும் ஒரு பேடும் (கீபோர்டில் நீண்டு ஒலிக்கிற பின்னணி) போட்டு, அடுத்து மிருதங்கம், அது மேல் வீணை, வயலின், கடைசியில் இறுதிக் குரல். லயம் உட்கார்ந்த பிறகு வாசிச்சாத்தான் வீணையில் மீட்டு சரியான இடத்தில் விழும்.

வாத்தியக்காரரைக் கூப்பிடும்போதே கட்டையைச் சொல்லிடுங்க. மிருதங்கக்காரர் ஐந்து கட்டைக்கு ஹெச்சு (உயர்) ஸ்ருதி, ஒரு கட்டைக்கு தக்கு (தாழ்) ஸ்ருதி மிருதங்கம் கொண்டு வரணும். இரண்டும் தேவைப்படுற ஆல்பம்னா ஐந்து கட்டைப் பாட்டை எல்லாம் ஒரு நாளும் ஒரு கட்டைப் பாட்டை எல்லாம் இன்னொரு நாளும் வைங்க. வந்ததும் ஸ்ருதி சேர்க்க விடாதீங்க. ஏசி ஓடுற அறையில் இருபது நிமிஷம் வாத்தியம் இருக்கட்டும், அப்புறம் சேர்க்கட்டும். ஈரத்தில் தோல் தளர்ந்து இறங்கும், வறண்ட குளிரில் இறுகி ஏறும். ஏசியை நிறுத்தி நிறுத்தி எடுக்கிறதால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் வலந்தலையை (வலது பக்கத் தோல்) ட்யூனரில் பாருங்க.

மைக்: வலந்தலைக்கு உங்க எஸ்எம்57, 15 – 20 செ.மீ. தள்ளி, கரணையின் (கறுப்பு வட்டம்) நடுவை நேரா பார்க்காம விளிம்புப் பக்கம் திருப்பி. தொப்பிக்கு (இடது பக்கத் தோல்) ஏடி2020, 25 – 30 செ.மீ., ரவை உதிரும், அதனால் கொஞ்சம் மேலே இருந்து. இரண்டு மைக்கும் எதிரெதிரே பார்க்கிறதால் ஒண்ணுடைய போலாரிட்டியை (சிக்னலின் பிளஸ் – மைனஸ் திசை) திருப்பிக் கேட்டே ஆகணும். தாம் சொல் வாசிக்கச் சொல்லி திருப்பியும் திருப்பாமலும் கேளுங்க. எதில் அடி கனமா நிக்குதோ அதை வைச்சுக்கோங்க. உச்சம் மைனஸ் 10 டிபிக்கு மேல் போகாம கெயின் வைங்க. ஒத்திகையில் மெதுவா வாசிச்சிட்டு டேக்கில் வெளுத்து வாங்குவாங்க, மோராவில் கண்டிப்பா ஏறும். 24 பிட்டில் எடுக்கும்போது குறைவா வைக்கிறதால் நஷ்டம் ஒண்ணும் இல்லை.

தரையில் ஜமுக்காளம் இரண்டு மடிப்பு. டைல்ஸ் தரை, உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியத்துக்கு மிகப் பக்கத்துச் சுவர். பலர் சுவருக்குச் செலவு பண்ணிட்டுத் தரையை மறந்திடுவாங்க. மைக் ஸ்டாண்டும் குட்டை ஸ்டாண்டா இருக்கட்டும். உயர ஸ்டாண்டின் பூமை முழுக்க இறக்கினா சாயும்.

வீணைக்கு ஏடி2020ஐ 30 – 40 செ.மீ. தள்ளி, குடத்துக்கும் தண்டில் இருக்கிற மெட்டுகள் முடியுற இடத்துக்கும் நடுவே பார்க்க வைங்க. குதிரைக்குக் கிட்டே வைச்சா நகச் சத்தம்தான் வரும். இங்கே ஒண்ணு கவனிக்கணும். நிறைய வீணைகள் இரண்டு, இரண்டரை கட்டையில் கட்டியிருப்பாங்க; ஐந்து கட்டைக்கு இழுத்தா தந்தி தாங்காது. ஐந்து கட்டைப் பாட்டுக்கு இரண்டு கட்டை வீணையில் மத்யமத்தை சட்ஜமா வைச்சு மத்யம ஸ்ருதியில் வாசிப்பாங்க. அப்போ பஞ்சமத்தில் இருக்கிற தாளத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கச் சொல்லணும். விட்டுட்டா பாட்டு முழுக்க சதுஸ்ருதி ரிஷபம் ஒலிச்சிக்கிட்டே இருக்கும். சுத்த ரிஷபம் வர்ற மாயாமாளவகௌளைப் பாட்டுன்னா தீர்ந்தது.

வயலின் 60 – 75 செ.மீ., வாசிக்கிறவர் நெற்றி உயரத்திலிருந்து குதிரையைப் பார்த்து. 'பிளெயினா, கமகத்தோடவா'ன்னு முதலிலேயே சொல்லிடுங்க. ஒரே ஆளை வைச்சு ஸ்டிரிங்ஸ் செக்ஷன் மாதிரி அடுக்குறதா இருந்தா ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு அடி நகர்த்தி உட்கார வைங்க, மைக்கையும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளுங்க. அதே நாற்காலி, அதே மைக்கில் எட்டு டேக் அடுக்கினா எட்டுப் பேர் வராது, கோரஸ் எஃபெக்ட் போட்ட ஒருத்தர்தான் வருவார்.

கடைசியா பேட். கீபோர்டில் மேஜர் கார்டு பிடிச்சு அடியில் தம்புரா ஓடவிட்டா ஏதோ சேராத மாதிரி கேட்கும். தம்புராவில் தானா எழும்புற காந்தாரம் கீபோர்டு காந்தாரத்தை விட 14 சென்ட் (அரைக்கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே. பேடில் காந்தாரத்தை எடுத்துட்டு ச – ப மட்டும் வைங்க, இல்ல அந்த ஒரு ஸ்வரத்தை 14 சென்ட் இறக்குங்க.

---

மெட்டுக்காரன்:

ரொம்ப நன்றி ரங்கா அண்ணா, தனி சார். ஒரு சந்தேகம். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், கூடவே கஞ்சிராவும் சேர்த்து எடுக்க ஆசை. 2ஐ2வை மாத்தி ஸ்கார்லெட் 4ஐ4 வாங்கினா நாலு மைக் போடலாம் இல்லையா?

---

கரண்ட் கட்:

போட முடியாது. 4ஐ4இல் மைக் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்குற வழி) இரண்டுதான், மீதி இரண்டும் லைன் இன்புட். பெட்டியில் 4 இருக்கேன்னு நிறைய பேர் வாங்கிட்டு முழிக்கிறாங்க. நாலு மைக் ப்ரீ வேணும்னா பெரிங்கர் யூஎம்சி404எச்டி மாதிரி. ஆனா இந்த ஆறு பாட்டுக்காக மாத்தாதீங்க. கஞ்சிராவைத் தனி டேக்கா எடுங்க. அந்தக் காசை ராக்வுலில் போடுங்க.

---

மினஸ் டிராக்:

கோவை விஷயம். புல்லாங்குழல்காரருக்கு அனுப்ப வேண்டியது இரண்டே வேவ் ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட். ஒண்ணில் பாட்டு மினஸ் (குழல் இல்லாத மிக்ஸ்), இன்னொண்ணில் கிளிக்கும் சுருதியும் மட்டும். இரண்டும் ஒரே இடத்தில், அதாவது சரியா பூஜ்யத்தில், ஆரம்பிக்கணும். முன்னாடி இரண்டு ஆவர்த்தனம் வெறும் கிளிக் விடுங்க. ஆரம்பத்தில் ஒரு 'டக்' வைச்சு, அதை அவர் ஃபைலிலும் அப்படியே விட்டு அனுப்பச் சொல்லுங்க. ஒட்டும்போது கண்ணாலேயே பொருத்திடலாம்.

எம்பி3 அனுப்பாதீங்க. எம்பி3 ஆக்கித் திரும்பப் பிரிக்கும்போது வழக்கமா 1,105 சாம்பிள் முன்னாடி வெற்றிடம் சேரும், 44.1இல் கணக்குப் போட்டா 25 மில்லிசெகண்ட். குழல் முழுக்க கொஞ்சம் முந்தியோ பிந்தியோ நிக்கும், 'ஆள் லயம் சரியில்லை'ன்னு தப்பா நினைப்போம். வாட்ஸ்அப்பில் அனுப்பினா டாக்குமெண்டா அனுப்புங்க, ஆடியோவா வேண்டாம். அவர் ப்ளூடூத் ஹெட்ஃபோன் போடக் கூடாது, தாமதம் 100 மில்லிசெகண்டுக்கு மேல் போகும். ஃபோனில் ரெக்கார்ட் பண்ணி அனுப்புறேன்னா மறுத்திடுங்க. ஃபோன் தானா சத்தத்தை ஏத்தி இறக்கும், நீண்ட கார்வையை இரைச்சல்னு நினைச்சு அமுக்கும். மைக்கை ஊதுற துளைக்கு நேரா வைக்காம விரல்கள் பக்கம், ஒரு அடி மேலே வைக்கச் சொல்லுங்க. ரிவெர்ப், ஈக்யூ எதுவும் போடாம மோனோவா அனுப்பட்டும்.

44.1இல் எடுத்த ஃபைலை 48 ப்ராஜெக்டில் மாத்தாம அப்படியே ஓடவிட்டா ஒன்றரை ஸ்வர ஸ்தானம் மேலே ஏறி வேகமும் கூடும். அப்படி வந்தா பயப்படாதீங்க, சாம்பிள் ரேட்டைச் சரிபண்ணினாப் போதும்.

விருத்தம் (தாளம் இல்லாம பாடுற பகுதி) இருக்கிற பாட்டில் விருத்தத்துக்கு கிளிக் வேண்டாம். சுருதி மட்டும் போட்டு முதலில் அதை எடுங்க, பாட்டு எடுப்புக்கு முன்னாடி ஒரு ஆவர்த்தனம் கிளிக் ஆரம்பிக்கட்டும். மிஸ்ர சாபு பாட்டுக்கு ரீப்பரில் 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 போட்டாத்தான் திரையில் இருக்கிற கட்டம் தாளத்தின் அங்கத்தில் விழும். 4/4இல் விட்டு ஒட்டினா இரண்டாவது சரணத்தில் எங்கே இருக்கோம்னு தெரியாது.

கிளிக் சத்தம் ஹெட்ஃபோனிலிருந்து குரல் மைக்கில் ஒழுகும். பீப் வேண்டாம், மிருதங்கம் எடுத்தாச்சுன்னா அதையே போடுங்க, ஒழுகினாலும் பாட்டில் மறைஞ்சிடும். பாடகிக்கு ஒரு காதைத் திறந்து வைச்சாத்தான் சுருதி பிடிபடும்னா, திறந்த பக்கத்து ஹெட்ஃபோனுக்குப் போற சத்தத்தை முழுக்க நிறுத்துங்க. பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைத் தேக்கி அனுப்புற அளவு) 128, முடிஞ்சா டைரக்ட் மானிட்டரிங். மிக்ஸ் பண்ணும்போது 512க்கு மேல்.

பிட்ச் திருத்தம்: ஆட்டோமேட்டிக்கா ஓடவிடாதீங்க. கமகத்தை அது பிழைன்னு எடுத்துக்கும், தோடி காந்தாரத்தைப் படிக்கட்டாக்கிடும். வரைபட முறையில் கார்வை நிக்கிற ஸ்வரங்களை மட்டும் தொடுங்க. மெலடைன் (பிட்ச் திருத்துற சாஃப்ட்வேர்) ஒரே அசைவை மூணு நாலு துண்டா வெட்டியிருக்கும். அதைச் சேர்த்துட்டு முழுசா நகர்த்துங்க.

ஒப்படைக்கும்போது: ஸ்டீரியோ ஒரு நிமிஷம் 17 எம்பி. ஐந்து நிமிஷப் பாட்டுக்கு 12 ஸ்டெம்னா (வாத்தியவாரியா பிரிச்ச ஃபைல்) ஒரு ஜிபி, ஆறு பாட்டு ஆறு ஜிபி. எல்லா ஸ்டெமும் பூஜ்யத்தில் ஆரம்பிச்சு ஒரே நீளம், மாஸ்டர் லிமிட்டர் இல்லாம. மாஸ்டர் தனியா, ட்ரூ பீக் மைனஸ் 1. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கிற சத்தத்தின் அளவு) பக்கம் இறக்கிடும், அதனால் அடிச்சு நசுக்கி சத்தம் ஏத்துறதில் லாபம் இல்லை. பக்திப் பாட்டில் அது கேட்கவும் நல்லா இருக்காது.

---

வசந்தபைரவி:

4ஆவது கேள்விக்கு நான் சொல்றேன் தம்பி. மைக்கை விட இதுக்குத்தான் அவசரம்.

'எல்லாச் செலவும் உள்ளே'ங்கிறதை முதலில் பிரிங்க. உங்க இசையமைப்புக் கட்டணம் ஒரு வரி, வாத்தியக் கலைஞர் – பாடகர் செலவு இன்னொரு வரி. எத்தனை செஷன்னு எண்ணிக்கையோடு. பாட்டு எட்டாக ஆனாலோ நாகஸ்வரம் வேணும்னு கேட்டாலோ இரண்டாவது வரி மட்டும் ஏறும், பேச்சு சுலபம். வாத்தியக் கலைஞருக்கு செஷன் முடிஞ்ச அன்னிக்கே கொடுத்திடுங்க. ஆகவே அட்வான்ஸ் அதுக்குத் தாராளமா வரணும். பாதி முன்பணம், மெட்டும் வழிகாட்டிக் குரலும் ஒப்புதலானதும் 30 விழுக்காடு, மாஸ்டர் கொடுக்கும் முன் மீதி. ஸ்டெம் கடைசிப் பணத்துக்குப் பிறகு. திருத்தம் பாட்டுக்கு இரண்டு முறை. மெட்டு ஒப்புதலான பிறகு மெட்டை மாத்தினா அது புதுப் பாட்டு.

உரிமை: 'எல்லா உரிமையும் எப்போதைக்கும்'னு ஒரு வரி நீட்டுவாங்க. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, அதில் 2012 திருத்தம். அதன்படி இசையமைப்பாளர், பாடலாசிரியர் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்து எழுதவே முடியாது. பதிப்புரிமையை மாத்தித் தரலாம், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை உங்களிடம்தான் நிக்கும். மாத்தித் தர்றது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தாத்தான் செல்லும், வாட்ஸ்அப் பேச்சை நம்பாதீங்க. காலம் எழுதலைன்னா ஐந்து வருஷம், இடம் எழுதலைன்னா இந்தியா மட்டும்னு சட்டம் எடுத்துக்கும். ஐபிஆர்எஸ்ஸில் (இசையமைப்பாளர், பாடலாசிரியருக்கு ராயல்டி வசூலிச்சுத் தர்ற சங்கம்) உறுப்பினராகி ஆறு பாட்டையும் பதியுங்க. பதியாத பாட்டுக்கு வர்ற பணம் யாருடையதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

சாகித்யம் யாருடையதுன்னு பாருங்க. தேவாரம், திருப்புகழ் வரிகளுக்குத் தடை இல்லை. ஆனா பாபநாசம் சிவன் மறைஞ்சது 1973. ஆசிரியர் ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம்ங்கிற கணக்கில் அவர் கிருதிகள் 2033 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டவை. 'பழைய பாட்டுதானே'ன்னு தயாரிப்பாளர் சொன்னா இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. பழைய வரிக்கு இந்தக் காலத்தில் யாரோ போட்ட மெட்டும் அப்படித்தான்.

யூடியூப் கன்டென்ட் ஐடியில் (பாட்டு எங்கே வந்தாலும் கண்டுபிடிச்சு உரிமை கோருற முறை) யார் பதிவாங்கன்னு ஒருத்தரை முடிவு பண்ணுங்க. நீங்களும் அவரும் தனித்தனியா விநியோகம் பண்ணினா உங்க பாட்டுக்கு நீங்களே க்ளெய்ம் விடுவீங்க. சாம்பிள் லைப்ரரி லூப்பை மேலே எதுவும் இல்லாம தனியா முன்னுரையில் விட்டாலும் அதே வம்பு வரும், ஏன்னா அந்த லூப் நூறு பேர் பாட்டில் இருக்கும். பாடகர், வாத்தியக்காரர் எல்லாரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் செஷன் அன்னிக்கே வாங்குங்க, அடுத்த வாரம் யாரும் பிடிபட மாட்டாங்க.

வரி: தயாரிப்பாளர் நிறுவனமா இருந்தா 10 விழுக்காடு டிடிஎஸ் பிடிப்பார், பான் கொடுக்கலைன்னா 20. பிடிச்சது உங்க கணக்கில் ஏறியிருக்கான்னு வரித்தளத்தில் காலாண்டுக்கு ஒரு தடவை பாருங்க. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனத்துக்கான அரசுப் பதிவு) இலவசம், ஆன்லைனில் முடியும், உடனே பண்ணுங்க. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் எந்த நாள் ஒத்துக்கிட்டாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும், ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா வங்கி விகிதத்தின் மூணு மடங்கு வட்டி. பில்லில் உத்யம் எண்ணை அச்சடிச்சு வைச்சாலே கணக்குப் பிரிவு கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

---

ஒத்தைக் காது:

ஒரு மாற்றுக் கருத்து. அறை தயாராகும் வரை பாடகர் குரலுக்கு ஏடி2020ஐ விட எஸ்எம்57ஐயே பாப் ஃபில்டர் போட்டு ஒரு ஜாண் தூரத்தில் வைச்சுப் பாருங்க. வாய்க்குக் கிட்டே வைச்சு எடுக்கிறதால் குரல் ஓங்கி நிக்கும், அதோடு ஒப்பிட்டா அறையும் தெருவும் குறையும். மேல் ஸ்தாயிப் பளபளப்பு கொஞ்சம் குறையும், அதை ஈக்யூவில் ஏத்தலாம். அறை எதிரொலியை எந்தப் பிளக்இன்னும் ஒழுங்கா எடுக்காது.

---

ராக்வுல் ரங்கா:

பாடகருக்கு ஒத்துக்கிறேன். பாடகிக்கு இல்லை, ஐந்து கட்டையில் மேல் சட்ஜத்தில் மென்மையா நிக்கிற இடம் எஸ்எம்57இல் சப்பையா வரும். இரண்டிலும் ஒரு சரணம் எடுத்துக் கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.

---

மெட்டுக்காரன்:

அக்காவுக்கும் எல்லாருக்கும் நன்றி. உத்யம் இன்னிக்கே போடுறேன். கடைசியா ஒண்ணு: எல்லா வாத்தியமும் எடுத்த பிறகு பாடகி அரைக்கட்டை இறக்கச் சொன்னா ரீப்பரில் பிட்ச் ஷிஃப்ட் பண்ணிக்கலாமா?

---

தனியாவர்த்தனம்:

ப்ரோகிராம் பண்ணினதை இறக்கலாம், அது வெறும் மிடி. வயலின், குழல் அரைக்கட்டை வரை தாங்கும். வீணையில் மீட்டின் முனை கொஞ்சம் மழுங்கும், நாகஸ்வரம் மாதிரி ஏதாவது மேலே ஓடினா தெரியாது, தனி வீணை இடையிசைன்னா தெரியும். மிருதங்கம் தாங்காது. இறக்கினா சாப்பு, மீட்டு எல்லாம் வழவழன்னு ஆகும். இறக்காம விட்டா வலந்தலை பழைய சட்ஜத்தில் நின்னு பாட்டோடு சண்டை போடும். திரும்ப எடுக்கிறது தவிர வழி இல்லை, அதுவும் உங்க செலவில்.

அதனால் மிருதங்கத்துக்கு நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி பாடகியை ஒரு மணி நேரம் கூப்பிட்டு கட்டை பார்த்திடுங்க. குரல் சூடாக இருபது நிமிஷம் விடுங்க. பல்லவியைப் பாட வைச்சு முடிவு பண்ணாதீங்க, எல்லாருக்கும் அது வரும். சரணத்தில் எது உச்சமோ அந்த வரியை மூணு தடவை தொடர்ச்சியா, பிறகு பாட்டில் எது மிகக் கீழே போகுதோ அந்த வரி. அதையே அரைக்கட்டை ஏத்தியும் இறக்கியும். மூணையும் ஃபோனிலேயே எடுத்து தயாரிப்பாளருக்கு அனுப்பி, இன்ன பாட்டு இன்ன கட்டைன்னு பதில் எழுத்தில் வாங்கிட்டு மிருதங்கக்காரருக்கு ஃபோன் பண்ணுங்க.